முதுகுப் பக்கத்துக் குளிர்

நாட்டில் சண்டை முடிந்து வந்த முதல் மாரிக்காலத்தில் எனக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது. வேது பிடிக்க நொச்சியிலை அவித்தேன். பானையின் மூடியைத் திறந்ததும், அந்த வாசம் என்னைச் சின்னப் பிள்ளையாக்கிவிட்டது.

அப்போது எனக்கு மூத்தவளான ராத்தாவும் நானும் ஒரே போர்வைக்குள் இருந்துதான் ஆவி பிடிப்போம். காற்று நுழையாமல் என் முதுகுப் பக்கத்தை அவள் இறுக்கிப் பிடித்திருப்பாள்.

“மூச்சு முட்டுது ராத்தா, திறங்க!”

“கத்துறதுக்கு மட்டும் மூச்சு இருக்கோ? பொறுடா தம்பி.”

வேர்த்துக் கொட்டியதும் தாவணியால் என் தலையைத் துவட்டி, இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணீர் தருவாள்.

சுனாமி அவளைக் கொண்டுபோன பிறகு நான் வேது பிடித்ததில்லை. இம்முறை தனியாகப் போர்வைக்குள் புகுந்து, முன்பக்கத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். முகம் நன்றாக வேர்த்தது. முதுகு மட்டும் குளிர்ந்துகொண்டே இருந்தது.