ரேணு கழற்றாத குவளை

பாலர் பள்ளி ஆயாவுக்கு முதல் வேலை தலையை எண்ணுவது. பால் காய்ச்சுவது அப்புறம்தான். அறுபதுகளில் செம்பூர் அகதி முகாமில் எங்கள் பள்ளியில் இருந்தவர்கள்: மாட்டுங்காவிலிருந்து வரும் டீச்சர், பிள்ளைகள் இருபத்து மூன்று, தாராவியிலிருந்து நான். பிரிவினையில் சிந்து மாகாணத்தை விட்டு வந்த குடும்பங்கள். பிள்ளைகள் எல்லாம் முகாமிலேயே பிறந்தவை. எங்களோடு பேசுவது இந்தி. என்னை மௌசி, அதாவது சித்தி, என்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு மாரடித்தவர்களுக்கு மற்றது புரியும்.

வரிசை

டீச்சர் ஒருநாள் பிள்ளைகளை மைதானத்தில் விட்டு, ஓடி விளையாடச் சொன்னார். ஒரு பையன் போய்ச் சுவரோரம் நின்றான். அவன் பின்னால் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் இருபத்து மூன்று பேரும் வரிசையில். எதற்கு நிற்கிறாய் என்று முதல் பையனைக் கேட்டேன்.

"தெரியாது மௌசி. முன்னால நின்னா தீர்றதுக்குள்ள கிடைக்கும்."

அம்மா விளையாட்டு

முகாம் கொட்டகைகளில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே சாக்குத் திரைதான் சுவர். எங்கள் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடினாலும் முதலில் கயிறு கட்டித் துணி தொங்கவிடுவார்கள். அம்மாவாக இருந்த சிறுமி, குழந்தையாக நடித்தவளின் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா அழு. அந்தப் பக்கம் ஆள் இருக்கு."

செருப்பு

பால் குடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் குவளையைக் கழுவிச் சுவரில் தன் ஆணியில் மாட்ட வேண்டும். ஐந்து வயது ரேணு மட்டும் மாட்ட மாட்டாள். குவளையைப் பாவாடை நாடாவில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பிடித்தபடியே இருப்பாள். 'அடுத்த வாரம் நமக்கு வீடு கிடைச்சிடும்' என்று அவள் அம்மா சொல்லாத வாரமில்லை. கொட்டகையில் டிரங்குப் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பெரியவர்கள் சாமானில் கை வைத்தால் கிளம்புகிறோம் என்றுதான் ரேணுவுக்கு அர்த்தம்.

"ஆயாம்மா, அடுத்த மாசம் இவ பெரிய பள்ளிக்கூடம் போகணும். ஒரு கை குவளையிலேயே இருந்தா ஸ்லேட்டை எப்படிப் பிடிப்பா? திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார் டீச்சர். நான் நாடாவை அவிழ்த்துக் குவளையை ஆணியில் மாட்டிவிட்டேன். அவள் அழவில்லை. வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கே போறோமா மௌசி?"

குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எண்ணிக்கை

அதன்பின் ரேணு காலையில் எல்லாருக்கும் முன்னால் வரத் தொடங்கினாள். மற்றவர் குவளைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள்.

"ராத்திரி யாரும் எடுக்கலையா?"

"எடுக்க மாட்டாங்க. நான் எண்ணிப் பார்த்துட்டுத்தான் பூட்டுறேன்," என்றேன்.

பள்ளி மாற இரண்டே நாள் இருந்தது. சாயங்காலம் எல்லாரும் போனபின் அவளே நாடாவை அவிழ்த்துக் குவளையை மாட்டினாள். வாசல் வரை போவாள், திரும்பி வந்து தொடுவாள், மறுபடி போவாள்.

"எண்ணும்போது என்னோடதையும் சேர்த்து எண்ணு மௌசி."

பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போன நான், மனசு கேட்காமல் திரும்பி வந்து திறந்து பார்த்தேன்: ஆணி இருபத்து மூன்று, குவளை இருபத்து மூன்று, மிச்சம் அவளுடைய பயம் ஒன்று, அதை நான் தாராவிக்கு எடுத்துப் போனேன்.