கீழ்த்தட்டு மெழுகுதிரி

அவித்த கோதுமையோடு வால்நட்டும் சீனியும் சேரும்போது வருகிற வாசனை, ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் ஏழாம் தளத்தில் வருடத்துக்கு நாலு தடவை கிளம்பி, எலிவேட்டரில் ஏறி எல்லாத் தளங்களுக்கும் ஒரு சுற்றுப் போய்வரும். யாரோ நாள் தெரியாமல் பொங்குகிறார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். பொங்கியவர் பக்கத்து வீட்டு மிலெனா அன்ரி. சேர்பியாக்காரி. அம்மாவும் அவரும் ஒரே கேக் பேக்டரியில் பெட்டி அடுக்கினார்கள். இரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை, ஆகவே எட்டு வயதில் நான்தான் அவர்களுடைய முழுநேர மொழிபெயர்ப்பாளர், சம்பளம் உடைந்த கேக்.

அந்தக் கோதுமை "ஸாதுஷ்னித்சே" என்கிற சனிக்கிழமைக்கானது. செத்தவர்களின் நாள். அவருடைய ஊரில் என்றால் கல்லறைக்குப் போய்த் திரி கொளுத்தி, மண்ணில் கொஞ்சம் வைன் ஊற்றி, கொண்டுபோன சாப்பாட்டைப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கொடுப்பார்களாம். வாங்குகிறவர் நன்றி சொல்லக்கூடாது, செத்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் சாப்பாட்டைத் தருவது அந்தச் செத்தவர். மிலெனா அன்ரியின் கல்லறைகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியால் அவர் சேர்ச்சுக்குப் போவார். ஒரு இலையுதிர்காலத்தில் அம்மாவையும் கூப்பிட்டார், அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு ஒரு தம்பி, எனக்குச் சின்ன மாமா. யுத்தம் முடிந்த நாட்களில் வன்னியில் காணாமல் போனவர். வீட்டில் அவருடைய படத்துக்கு மாலை போடக்கூடாது, "இருந்தான்" என்று பேசக்கூடாது. ஆடி அமாவாசைக்கு அவருடைய பெயரையும் கொடுக்கச் சொல்லிச் சித்தி வருடா வருடம் போனில் கெஞ்சுவார்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு எள்ளுத்தண்ணி இறைக்கச் சொல்லுறியோ?" என்பார் அம்மா, அதோடு போன் கட். ஆனால் அப்பா பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, "அவன் முடிஞ்சு போனான், இவளுக்கு ஆர் சொல்லுறது" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருந்தேன்.

சேர்ச்சில் திரி வைக்க இரண்டு தட்டுகள், மணல் நிரப்பியவை. மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு செத்தவர்களுக்கு. இதை மிலெனா அன்ரி பஸ்ஸில் வரும்போதே எனக்குச் சொல்லிவிட்டார், நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை, ஜன்னலில் படம் கீறிக்கொண்டிருந்தேன். அம்மா, தம்பி சுகமாக இருக்கட்டும் என்று வாங்கிய மஞ்சள் திரியோடு தட்டுக்கு முன்னால் நின்றபோது மிலெனா அன்ரி என்னிடம் குனிந்து கேட்டார்.

"பிரதர். லிவிங்? டெட்?"

கேள்விக்கு விடை தெரிந்தால் கை உயர்த்துகிற வயது. காலும் குளிரில் விறைத்திருந்தது.

"டெட்," என்றேன்.

அவர் அம்மாவின் கையைப் பிடித்துக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுபோனார்.

"என்னடி கேட்டவ?"

"எங்கை வைக்கிறதெண்டு."

பொய்யில்லை. மொழிபெயர்ப்பில் அரைவாசி.

பிறகு வருடத்துக்கு நாலு தடவை அதே இடம். காற்றுப் படாத இடம் என்பதால்தான் மிலெனா கீழே வைக்கச் சொன்னவர் என்று அம்மா தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். மணலில் திரியை ஊன்றி, "தம்பி, நேரத்துக்குச் சாப்பிடு. உந்தக் கால் நோவோடை அலையாதை," என்று மெதுவாகச் சொல்லுவார். செத்தவர்களின் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு கால் நோவுக்கு மருந்து சொல்லுகிற மனுசியைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். சொல்லியிருக்கலாம். பத்து வயதில் பயம், பதினைந்தில் வெட்கம், அதற்குப் பிறகு இவ்வளவு நாள் சொல்லாததே ஒரு பெரிய விஷயமாகிவிட்டது.

மிலெனா அன்ரி மகளோடு இருக்க வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். நாங்கள் பிக்கரிங்குக்கு வந்தோம். ஆனாலும் அம்மா அந்தச் சனிக்கிழமைகளை விடவில்லை, நான்தான் டிரைவர். போன நவம்பரில் போனால் தட்டுகளுக்கு மேலே புதிதாக இங்கிலிஷில் இரண்டு பலகைகள். இப்போது அம்மா இங்கிலிஷ் வாசிப்பார், மெதுவாக. மேல்பலகையை வாசித்தார். கீழ்ப்பலகையை வாசித்தார். திரி கையில் உருகி விரலில் சொட்டியது. மேலே போன கை பாதியில் நின்றது, பிறகு இறங்கி வழக்கமான இடத்திலேயே ஊன்றியது. அன்றைக்கு அவர் தம்பியோடு ஒன்றும் கதைக்கவில்லை.

கார் ஹைவேயில் ஏறியபோது அம்மா கேட்டார்.

"மிலெனாவிட்டை என்னெண்டு சொன்னனீ?"

"செத்திட்டார் எண்டு."

"எத்தினை வருசம்?"

"பதினாலு."

"பதினாலு வருசமா நான் விசரி மாதிரிக் கதைக்க, நீ பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருந்தனீ."

"ஓம்."

பேச்சு விழும் என்று காத்திருந்தேன்.

"வீட்டிலை ஒருத்தருக்கும் வாய் வரேல்லை," என்றார் அம்மா. "பார்த்து ஓட்டு, லேன் மாறுறாய்."

அடுத்த கிழமை, வீட்டு லைனை வெட்டச் சொல்லிப் போன் கொம்பனிக்கு எடுக்கச் சொன்னார். செல்போன் காலத்திலும் வீடு மாறியபோதும் அம்மா விடாமல் வைத்திருந்த இலக்கம் அது. வன்னியிலிருந்து மாமா கடைசியாகப் போன் எடுத்தது அதற்குத்தான், அவருக்குத் தெரிந்த ஒரே இலக்கமும் அதுதான். மறுமுனையில் இருந்த பெண், இலக்கத்தை மட்டும் செல்போனுக்கு மாற்றி வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டார். கேட்டதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாமெண்டு சொல்லு."

சொன்னேன். இரண்டு நாள் கழித்துச் சும்மா அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு இலக்கம் பாவனையில் இல்லை என்றது ஒரு குரல், முதலில் இங்கிலிஷில், பிறகு பிரெஞ்சில்.