தரைக்குக் கீழே போன ஏரி

ஃபெவ்ரோனியா முப்பத்தோரு வருஷம் ஊர் வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவள். குழாயில் எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்று காதை வைத்தே சொல்லிவிடுவாள். ஓய்வு பெற்றபின் யாகுத்தியா என்ற வடக்கத்தி உறைபனிச் சீமையின் ஒரு சின்ன ஊரில் ஒரு நாயோடு தனியாக இருந்தாள்.

அந்த ஜனவரியில், சூரியன் எட்டிப் பார்த்த ஒரு காலையில், தேநீரில் பால் ஊற்றப்போன கை அப்படியே நின்றது. தரைப் பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்.

வெளியே மைனஸ் ஐம்பது. கோடையிலேயே ஓர் ஆள் உயரம் தோண்டினால் மண் கல்லாக உறைந்து கிடக்கும் ஊர் அது. ஆனால் நாலைந்து வருஷமாக நிலவறைச் சுவர் ஈரம் கட்டி, உள்ளே வைத்த இறைச்சி நாறிக்கொண்டிருந்தது. ஊருக்கு மேலே மேட்டில் இருந்த ஏரியும் போன இலையுதிர்காலத்தில் சத்தமில்லாமல் வற்றிவிட்டது. மழை குறைவு என்று ஊரே சொல்லிக்கொண்டது. ஏரி எங்கே போனது என்று இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குனிந்து தரையில் காது வைத்தாள். நிறையப் பேர் குசுகுசுவென்று பேசியபடி நடந்துபோவதுபோல் இருந்தது. நாய் குரைக்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தரையில் ஊன்றி, அதன் மேல்முனையில் தொப்பி மடிப்பு வழியே காதைப் பொருத்தி, சத்தத்தின் பின்னாலேயே நடந்தாள். அது பக்கத்து வீட்டு அஃபனாசியின் வாசலுக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நிலம் வயிறுபோல் உப்பி, பனியில் கீறல் விட்டிருந்தது.

அஃபனாசி அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"கொதிகலன் பக்கத்துலயே நின்னு நின்னு உன் காதுக்குள்ளதான் தண்ணி ஓடுது."

"மேல்மண்ணு இறுகிக் கெடக்குண்ணே. நம்ம அடுப்புச் சூட்டுல இளகுன எடந்தான் அடியில ஓடுற தண்ணிக்கு மேல வர வழி. எந்திரிங்க."

அவர் மீனைத் திருப்பிப் போட்டார். அவள் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பிலேயே கொட்டினாள். அவர் திட்டிக்கொண்டே கோட்டை மாட்டியபடி அவள் பின்னால் முற்றத்துக்கு வந்தார். மறுபடி கடப்பாரையில் காது வைத்தாள். சத்தம் நின்றிருந்தது. அதற்குத்தான் அவள் முதல்முறையாகப் பயந்தாள்.

அவள் வீட்டுக்குள் பலகைகள் ஒவ்வொன்றாக முறிந்தன. கதவைத் தள்ளிக்கொண்டு நாய் பாய்ந்து வந்தது. ஜன்னல்கள் உள்ளிருந்து கறுத்தன. கண்ணாடி உடைந்து வெளியே வழிந்த நீர், கூழாகத் தடித்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரோடு படிப்படியாக உறைந்தது. செம்மண் நிறம், துரு வாசனை. பனிக்கட்டி ஜன்னல் வரை நிரம்பிய அறையில் கூரைவிளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஒருவர் மின்கம்பியைத் துண்டித்து அதை அணைக்கும்வரை யாராலும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஒரு மணி நேரத்தில் அஃபனாசியின் வீடும் நிறைந்தது. ஒரு மாதம் அவர் மீனைப் பற்றித்தான் குறைபட்டுக்கொண்டார், வேறெதையும் பேசவில்லை.

மே மாதத்தில் பனி இளகியது. சுவர்க் கட்டைகளைப் பிரித்து, இருவர் வீட்டையும் மேட்டில், அடுப்புச் சூடு மண்ணில் இறங்காமல் அடியில் காற்று புகும்படி தூண்கள்மேல் கட்டினார்கள். குளிர்காலம் வந்தால் ஃபெவ்ரோனியா கடப்பாரையோடு தெருத் தெருவாக நடக்கிறாள். அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு அவள் நின்ற இடத்தில் அஃபனாசி குச்சி நடுகிறார். போன வருஷம் பதினோரு குச்சி. அதில் இரண்டு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்.