முதலில் நீக்கச் சொன்ன பெயர்

அண்ணன் மகன் தன் கைப்பேசியை நீட்டியபோது அண்ணி முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் இடையே கிடைக்கும் கொஞ்ச இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தேன். பையன் அப்போது இன்ஜினியரிங் முதலாம் ஆண்டு. விடுதியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இது நீதானாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் கல்லூரி விளையாட்டு விழாவுக்கு ஒரு நீச்சல் வீரர் தலைமை விருந்தினராக வருவதாக இருந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்தான், கடலில் நெடுந்தூரம் நீந்திப் பெயர் வாங்கியவர். வரவேற்புரை எழுதும் வேலை இவனுக்கும் இன்னொரு பையனுக்கும் வந்திருக்கிறது. இருவரும் இணையத்தில் உள்ள கலைக்களஞ்சியத்தில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் திறந்திருக்கிறார்கள். இளமைப் பருவத்தைச் சொல்லும் பகுதியில் ஒரு வாக்கியம். 1993இல், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், குடும்பத் தகராறில் கிணற்றில் குதித்த பெண்ணை அவர் இறங்கிக் காப்பாற்றினார் என்று. அந்தப் பெண்ணுக்கு அங்கே பெயர் இருந்தது. அண்ணியின் முழுப் பெயர். அடைப்புக்குறிக்குள், கணவர் என்று போட்டு, அண்ணனின் பெயர். கிராமத்தின் பெயரும் இருந்தது. கூட இருந்த பையன்தான் முதலில் கவனித்தானாம். "டேய், இது உங்கப்பா பேரு இல்ல?"

அண்ணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்தும் எட்ட வைத்தும் படித்தார். எழுத்து சின்னது. பிறகு, "இத யாரு வேணா பாக்கலாமா?" என்று கேட்டார்.

"யாரு வேணா பாக்கலாம்மா. உன் பேரத் தட்டினாவே வருது."

"ம்."

"வழுக்கி வுழுந்துட்டேன்னு தானே சொன்ன? சின்ன வயசுலேர்ந்து அதானே சொல்லிக்கினு இருந்தீங்க எல்லாரும்?"

எல்லாரும் என்றபோது அவன் என்னைப் பார்த்தான். நான் முறத்தைப் பார்த்தேன்.

இதை எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். யார் பெயரும் வராது என்று சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயரும் வராது, பெண்ணையாற்றுக்குப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற ஊர் என்பது போதும். தொண்ணூற்று மூன்றில் நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். நான் விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அண்ணிக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, பத்து நாள்கூடத் தங்கவில்லை. எங்கள் அம்மா கெட்டவள் இல்லை, ஆனால் வாய் அடங்காதவள். "இந்த வூட்டுக்கு வந்த மொத உசுரயே முழுங்கிட்டா" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், அண்ணி காதில் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவான், கேட்டுக்கொண்டே எழுந்து கை கழுவுவான். அப்படிப் பல வாரம். ஒரு நாள் மத்தியானம் கழனிப் பக்கம் போன அண்ணியைப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் கிணற்றிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான் என்று ஓடிவந்து சொன்னார்கள். அந்தப் பையன்தான் பிறகு நீச்சல் வீரர் ஆனவர்.

அந்த நாளில் அப்படிச் செய்வது போலீஸ் வழக்காகும் குற்றம். அதனால் தண்ணீர் சேந்தும்போது கால் வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். ஊரிலும் அதையே சொன்னோம். வழக்குக்குப் பயந்து சொன்னது பாதி. மீதி எங்கள் வீட்டின் மானத்துக்காக. ஆனால் அந்தப் பையனுக்கு வீரச்செயலுக்கான பரிசு கிடைத்தபோது ஒரு மாலைப் பத்திரிகைக்காரர் வந்து விசாரித்திருக்கிறார், யாரோ உள்ளதைச் சொல்லிவிட்டார்கள். பெயர் விவரங்களோடு செய்தி வந்தது. அப்பா திருவெண்ணெய்நல்லூர் பஸ் நிலையத்துக் கடையில் இருந்த அந்தப் பத்திரிகைகளை எல்லாம் மொத்தமாக வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தார். அன்றைக்கு ஒரு பெயரை மறைக்க ஓர் அடுப்பு போதும் என்றுதான் நினைத்தோம், அது போதுமானதாகவும் இருந்தது. இரண்டு வருஷத்தில் பையன் பிறந்தான். அண்ணன் திண்டிவனத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை போட்டான். அண்ணி தையல் கற்றுக்கொண்டார். பள்ளிச் சீருடை என்றால் அந்தத் தெருவில் டெய்லரம்மாவிடம்தான் கொடுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். கிணறு என்ற பேச்சே எங்களிடையே இல்லாமல் போயிற்று. அந்த நீச்சல் வீரரும் எத்தனையோ பேட்டி கொடுத்திருக்கிறார், ஒன்றிலும் பெயர் சொன்னதில்லை. "எங்க பக்கத்து ஊரு அக்கா ஒருத்தங்க" என்பார், அதோடு சரி.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த அண்ணன் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போனைப் பையனிடமே திருப்பிக் கொடுத்தான். அண்ணி சமையல்கட்டில் இருந்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். "பாப்பா, உனக்குத்தான் கம்ப்யூட்டர்லாம் தெரியும். அவங்களுக்கு எழுதி மொதல்ல என் பேர எடுக்கச் சொல்லு. கடைக்கு வர்றவன் எவனாவது பாத்தான்னா பேஜாரு. ஜல்தியா பண்ணு."

நான் அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருக்கிறேன், மனு எழுதுவது எனக்குக் கை வந்த வேலை. அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் உண்டு, யார் வேண்டுமானாலும் அங்கே கருத்துச் சொல்லலாம். அன்று இரவே எழுதினேன். குறிப்பிடப்பட்டுள்ள கணவர் உயிரோடு இருப்பவர், திண்டிவனத்தில் மரியாதையோடு தொழில் செய்துவருபவர், கட்டுரைக்கு அவர் பெயர் அவசியம் இல்லை, அவருடைய நற்பெயருக்குக் களங்கம் வருகிறது, தயவுசெய்து நீக்குங்கள் என்று. நன்றாகவே எழுதியிருந்தேன். அண்ணியின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்போம், எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அண்ணன் சொன்னதை எழுதினேன், அண்ணியின் பெயர் என் நினைவிலேயே வரவில்லை. எங்கள் வீட்டில் யார் மானம் முதலில் என்பதை யாரும் சொல்லித் தராமலே நான் கற்றிருந்தேன்.

மறுநாளே கணவரின் பெயரை எடுத்துவிட்டார்கள், நன்றியும் தெரிவித்திருந்தார்கள். இப்போது அந்த வாக்கியத்தில் அண்ணியின் பெயர் மட்டும் தனியாக நின்றது. அவர் திண்டிவனத்தில் இருக்கிறார் என்கிற தகவலையும் என் மனு கொடுத்திருந்தது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் அங்கே பேசத் தொடங்கினார்கள். கணவர் பெயர் போகலாம், பெண்ணின் பெயர் பத்திரிகையில் வந்திருக்கிறதே, ஆதாரம் உள்ள தகவலை ஏன் நீக்க வேண்டும் என்றார் ஒருவர். அவர் பொதுவாழ்க்கையில் இல்லாதவர் ஆயிற்றே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒருவர், அந்தப் பெண் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார். அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் கேட்கவில்லை. அங்கே எதற்கும் ஆதாரம் வேண்டும், அதுதான் நடைமுறை. ஆனாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தவள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அன்று மறுபடி திறக்கவில்லை.

அடுத்த வாரம் திண்டிவனம் போனபோது அண்ணி மெஷினில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "அவரு பேரு போயிடுச்சாமே," என்றார்.

"ஆமாங்க அண்ணி."

"நீதான் கேட்டு எழுதினியாம். பையன் காட்டினான்."

நான் நின்றுகொண்டிருந்தேன். மெஷின் கொஞ்ச தூரம் ஓடி நின்றது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அப்ப என்னுது?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். ரேஷன் கடையில் தன் முறை எப்போது வரும் என்று கேட்பது போலக் கேட்டார். அந்தக் கூடத்தில் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு கூனிக்குறுகி நான் நின்றதில்லை.

"எழுதினது யாருன்னு தெரியுமா? நேர்ல போய்ப் பாக்க முடியுமா?" என்று அவரே கேட்டார்.

எழுதியவர் தன்னைப் பற்றி அங்கே குறிப்பிட்டிருந்தார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித்தரும் பெண் பேராசிரியர், என்னைவிட வயதில் சின்னவர். நான் எழுதிக் கேட்டதும் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். அண்ணி வெளுத்த நீலத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு, கால் கிலோ கொய்யாப் பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அங்கிருந்து பேராசிரியர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், நீயே பேசிடு பாப்பா, எனக்கு வராது என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் அங்கே நான் பேசவில்லை. பேசுகிற தகுதி எனக்கு இல்லை என்று தோன்றிவிட்டது.

பேராசிரியர் அண்ணியைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். காபி கொடுத்தார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். "நான் உங்கள அசிங்கப்படுத்தணும்னு பண்ணலைங்க. எந்தக் கதையிலயும் ஆம்பளைக்குத்தான் பேரு இருக்கு. காப்பாத்தினவருக்குப் பேரு, மெடலு, ஊரு எல்லாம் இருக்கும். காப்பாத்தப்பட்டவங்க மட்டும் 'ஒரு பெண்'. அது எனக்குப் பொறுக்கல. சென்னைல பழைய பத்திரிகையெல்லாம் தேடி உங்க பேரக் கண்டுபிடிச்சேன். பேரு இருந்தாத்தானே நீங்களும் ஒரு மனுஷின்னு இருக்கும்?"

அவர் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றாத அக்கறை அது. அண்ணி காபியைக் குடித்து முடித்த பிறகும் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேச மாட்டார் என்றே நினைத்தேன்.

"நீங்க நல்லதுக்குத்தான் பண்ணியிருக்கீங்க மேடம்," என்றார் கடைசியில். "எனக்குக் கோவம் இல்ல. ஆனா பேரப் போட்டு என்ன எங்க வுட்டுட்டீங்க? கெணத்துல. அந்தத் தம்பி மேல வந்துட்டாரு, கடல்ல நீந்தினாரு, கல்யாணம் பண்ணினாரு, எல்லாம் எழுதியிருக்கு. நான் மட்டும் இன்னும் கெணத்துலயே கெடக்கறேன்."

"அதுக்கப்புறம் நடந்ததையும் சேர்த்து எழுதலாமே? நீங்க தொழில் கத்துக்கிட்டது, பையனப் படிக்க வைக்கறது..."

"வேணாம் மேடம். அதுலாம் எதுக்கு ஊருக்கு? எம்புள்ளைக்கு நானே ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன். அவனும் கொஞ்சம் பெரியவனாவட்டும், வேலைக்குப் போவட்டும், அப்ப ஒக்கார வெச்சி சொல்லிக்கலாம்னு. இன்னா சொல்லணும், எதுல ஆரம்பிக்கணும்னு தெச்சிக்கினே யோசிப்பேன். அதுக்குள்ள போன்ல வந்துடுச்சி." டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்றதுக்கு எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

பேராசிரியர் எழுந்து போய் மடிக்கணினியை எடுத்து வந்தார். அதைத் திறந்து எங்கள் கண் முன்னாலேயே பெயரையும் கிராமத்தின் பெயரையும் எடுத்தார். பழைய பதிவுகள் உள்ளே தங்கியிருக்கும், அவற்றையும் மறைக்கச் சொல்லி நிர்வாகிகளிடம் கேட்கிறேன், ஆனால் உடனே நடக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னார். அதற்குச் சில மாதங்கள் ஆயின. நடுவில் ஒரு முறை யாரோ பெயரைத் திரும்பச் சேர்க்க, அவரே வாதாடி எடுத்தார். இப்போது அங்கே 'ஒரு பெண்ணை' என்றுதான் இருக்கிறது.

விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம் பஸ்ஸில் அண்ணியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். "நான் மொதல்ல உங்க பேரத்தான் எடுக்கச் சொல்லியிருக்கணும் அண்ணி," என்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "வுடு பாப்பா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் கண்ணு முழிச்சதும் உங்கம்மா இன்னா சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? எங்க பேரக் கெடுத்துட்டியேடின்னாங்க. எப்படியிருக்கேன்னு யாரும் கேக்கல." பழியாக அவர் சொல்லவில்லை, நான் மறந்திருப்பேன் என்று நினைத்துச் சொன்னார். நான் மறக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவள் நான்.

அண்ணி மகனிடம் தானே சொன்னார், ஒரு லீவு நாளில், அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டு. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பும் வழியில் அவன் வழக்கம்போல என் வீட்டில் சாப்பிட இறங்கினான். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, "பாட்டி அப்படிலாம் பேசினப்ப நீங்க வீட்டுலதான் இருந்தீங்களா அத்தை?" என்றான்.

"இருந்தேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலடா."

அவன் சோற்றைப் பிசைந்து முழுவதும் சாப்பிட்டான். எப்போதும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறவன், அன்று யாரோ வேற்றார் வீட்டில் சாப்பிட்டவனைப் போல அதைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, வர்றேங்க அத்தை என்று சொல்லிவிட்டுப் போனான்.