டேபிள் ஃபேன் டீச்சர்

“சொல்லுங்க, அந்த ஆளு கையில என்ன இருக்கு?” என்று இடப்பக்கத்து பெஞ்சுகளைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வலப்பக்கம் திரும்பிவிட்டார் தமிழ் டீச்சர். “ஊசி” என்று இடப்பக்கம் சொன்னபோது அங்கே அவருடைய முதுகுதான் இருந்தது. “ஊசிய எங்க குத்தி வெச்சாரு?” என்று வலப்பக்கத்தைக் கேட்டார். “காலர்ல” என்று பதில் வந்தபோது மறுபடி இடப்பக்கம் வந்திருந்தார். நாற்பது நிமிடமும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக முகத்தைத் திருப்பித் திருப்பிப் பாடம் நடத்துவதால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு டேபிள் ஃபேன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் யாராவது தூங்கி விழுந்தால், “என்னப்பா, காத்து அங்க வரலையா?” என்று அவரே கேட்பார்.

நாற்பத்து மூன்று வயது. ஒல்லி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று சக ஆசிரியைகள் சொல்வார்கள். பள்ளியில் அவர் பாதி குடித்து வைத்த தேநீர்க் கோப்பைகளை நூலக ஜன்னலில் ஒன்று, மாடிப்படிக் கைப்பிடிச் சுவரில் ஒன்று என்று ஆயா தேடித் தேடிச் சேகரிப்பார். பேருந்து சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், இறங்கி நடந்துவிடுவார். அந்தப் பேருந்து அவரைத் தாண்டிப் போகும்போது ஓட்டுநர் ஒலி எழுப்பிக் கேலி செய்வதும் உண்டு. கணவர் மருந்துக்கடையில் வேலை செய்கிறார். “மாத்திரை அட்டையக்கூட இவ சும்மா விடமாட்டா சார். ‘ஆகாரத்துக்குப் பின்’னு போட்டிருந்தா, ஏன் முன்னாடி கூடாதாம், யாரு சொன்னதுன்னு நிப்பா. வர்ற கூட்டம் பூரா என்னையப் பாக்கும்” என்பார். குரலில் அலுப்பு இருக்கும். கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அன்று கரும்பலகையில் இருந்தது ஆறு வரிக் கவிதை. மாதிரித் தேர்வில் ‘நயம் பாராட்டுக’ என்ற கேள்விக்கு வந்தது.

செருப்பின் வாரைத் தைத்து முடித்து
ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.
போட்டுப் பாருங்க என்றார்.
நடந்து காட்டினேன்.
என் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவர்.

டீச்சர் கவிதைக்குப் பொருள் சொல்ல மாட்டார். பொருள் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். “அர்த்தம் எங்கயும் ஓடிப்போயிடாது. மொதல்ல ஆளப் பாருங்க. எங்க உட்கார்ந்திருக்காரு? யாரப் பாக்கறாரு? எதுக்குச் செருப்பப் பாக்காம நடையப் பாக்கறாரு?” என்று துளைத்து எடுப்பார். யாராவது ஒரு பிள்ளை வாயிலிருந்து சொந்தமாக ஒரு வாக்கியம் விழுந்துவிட்டால், அந்த பெஞ்சின் மேல் படாரென்று டஸ்டரைத் தட்டி, “அப்படிப் போடு!” என்பார். முன்வரிசைக்காரர்கள் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

அன்று டஸ்டர் தட்டப்படவில்லை. திருத்திய விடைத்தாள்கள் காலையில்தான் வந்திருந்தன. நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: ‘கவிஞர் அழகிய மாலைக் காட்சியைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்.’

“செருப்புத் தைக்கிறவர் கவிதையில சாயங்காலம் எங்கடா இருக்கு?” என்று கேட்டார் டீச்சர். வகுப்பு தலையைச் சொறிந்தது. இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். “கட திறந்திருக்கு டீச்சர். அப்ப ராத்திரி இல்ல. வேலைக்குப் போறவங்க காலையில செருப்பு தைக்க நிக்க மாட்டாங்க. அதனால சாயங்காலமாத்தான் இருக்கணும்.” டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவி, இந்த மூளையைக் கவிதையிடம் காட்டியிருக்கலாமே என்று நினைத்தார். அவன் உட்காரும்போது மெதுவாகச் சொன்னான்: “எனக்கு நாலு மார்க் வந்திருக்கு டீச்சர்.”

அங்கேதான் சிக்கல். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ‘ஐந்து தலைப்புத் தாள்’ என்று ஒரு தாள் ஊரெல்லாம் சுற்றுகிறது. மையக்கருத்து, எதுகை, மோனை, அணி, சுவை என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வாக்கியம். எந்தக் கவிதை வந்தாலும் அப்படியே இறக்கிவைக்கலாம். கவிதையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காவிடமிருந்து தம்பிக்கு, ட்யூஷனிலிருந்து பள்ளிக்கு, நகலின் நகலாக எழுத்து மங்கி மங்கி வந்துகொண்டிருக்கிறது. மேலே ‘பெயர்’ என்று ஓர் இடம் காலியாக இருக்கும். ட்யூஷன் வாத்தியார் ஒருவர் அதைத் தட்டச்சு செய்தபோதுகூட அந்தக் காலி இடத்தை விட்டுவைத்திருந்தார்.

அந்தத் தாளை எழுதியவர் நம் டீச்சர்தான். இது அவருடைய கணவருக்குக்கூடத் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன், தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது, தேறவே மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட பன்னிரண்டு பிள்ளைகளை அவர் தலையில் கட்டினார்கள். அழுகிற பிள்ளைக்கு முதலில் பால், அப்புறம் பாட்டு என்று நினைத்து ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தார். அன்று கையில் அகப்பட்ட கவிதை ஒரு மாலை நேரத்தைப் பற்றியது. ‘மாலைக் காட்சி’ என்ற இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, கவிதைக்குத் தக்கபடி நிரப்பிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துபோனார். பன்னிரண்டு பேரும் தேறினார்கள். ஒரு பையனின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த வருடம் டீச்சர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

போன வருடம் திருத்தும் மையத்துக்குப் போனபோது வினை வந்தது. தாயின் மருத்துவமனைக் கட்டிலைப் பற்றிய கவிதை. எங்கெங்கிருந்தோ வந்த விடைத்தாள்கள். முதல் அடுக்கில் பதினேழு தாளில் மாலைக் காட்சி. இரண்டாம் அடுக்கில் இருபத்தொன்றில். முகம் தெரியாத பிள்ளைகள், அம்மாவின் மூக்கில் குழாய் மாட்டியிருக்கும் கவிதைக்குக் கீழே, அவருடைய வாக்கியத்தை அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார்கள். டீச்சர் எழுந்து போய்த் தலைமைத் தேர்வாளரிடம் காட்டினார். “தலைப்பு அஞ்சும் இருக்குல்ல? விடைக்குறிப்புப்படி போட்டுட்டுப் போங்க டீச்சர். நீங்க ஒருத்தர் கவலப்பட்டா கவிதை பொழச்சுக்குமா?” என்றார் அவர். டீச்சர் தாழ்வாரத்துக்கு வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். தான் வைத்த செடி, தானே பிடுங்க முடியாத மரமாகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. உட்கார முடியாத வியாதி அன்றிலிருந்து முற்றிவிட்டது.

இந்த வருடம் அந்தத் தாளை வகுப்பில் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டது ஒரே ஒரு பெண். ஜன்னலோரம் மூன்றாம் பெஞ்சு. வாய் திறக்காத பெண். வருகைப் பதிவுக்கு “உள்ளேன்” என்பதையே யாருக்கும் கேட்காமல் சொல்பவள். தலைப்பு எதுவும் இல்லாமல் அவள் எழுதியிருந்தாள்: ‘அவரால் நடக்க முடியாது என்று கவிதையில் சொல்லவில்லை. ஆனால் தைத்த செருப்பைப் பார்க்காமல் நடையைப் பார்க்கிறார். எங்கள் அப்பா லாரி ஓட்டினார். இப்போது வாசலில் உட்கார்ந்து போகிற லாரிகளைப் பார்க்கிறார். லாரியில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. ஓட்டுகிறவர் எப்படித் திருப்புகிறார் என்று பார்க்கிறார்.’

மாதிரித் தேர்வுத் தாள்களைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பித்தான் திருத்துவார்கள். அங்கே யாரோ ஒருவர் இதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, ‘பாடலோடு ஒட்டி எழுதுக’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். டீச்சர் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். மொத்தம் முப்பத்திரண்டு. முப்பத்தைந்து இருந்தால்தான் தேர்ச்சி.

வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். இயற்பியல்காரர், நல்ல மனிதர்தான். மதிப்பெண் பட்டியலில் பென்சிலால் ஒரே ஒரு பெயரைச் சுற்றி வட்டமிட்டிருந்தார்.

“கொஞ்சம் உட்காருங்க டீச்சர். நீங்க நடந்தா எனக்குத் தலை சுத்துது.”

“பரவால்ல, சொல்லுங்க சார்.”

“நாப்பது பேர் பாஸ். தமிழ்ல ஒரே ஒரு பொண்ணு போச்சு. அதுவும் மூணு மார்க்ல. எல்லாரும் எழுதற மாதிரி எழுதியிருந்தா நாலு வந்திருக்கும், தேறியிருப்பா. நீங்க எழுதாதேன்னு சொன்னீங்களாமே?”

“அவ ஒருத்திதான் சார் கவிதையப் படிச்சிருக்கா.”

“இருக்கலாம். ஆனா பரீட்சைக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. அவ பெயில் ஆனா வீட்டோட நின்னுடுவா. அப்பன் நிலைமை தெரியுமில்ல? நீங்க சொந்தமா எழுதச் சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. அதுக்கு அவள பலி குடுக்காதீங்க.”

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் அவரை வதைத்தது. தலைமை ஆசிரியர் முட்டாளாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக வந்திருக்கலாம். மாடிப்படியில் ஏறினார், எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினார். ஆசிரியர் அறையில் தன் அலமாரியைத் திறந்து, அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், “என்னக்கா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?” என்றார். “ஆமா” என்றார் இவர்.

மாலை மணி அடித்து அறை காலியான பிறகு அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

“உள்ள வாம்மா. என்ன?”

அவள் வந்தாள். பையை முன்னால் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே சொன்னாள்: “எனக்கும் அந்தத் தாள் வேணும் டீச்சர். எடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க, அதான் உங்களையே கேக்கறேன்.”

டீச்சர் நடப்பதை நிறுத்தினார். எல்லாரும் கேட்கலாம், இவள் கேட்கலாமா என்று ஒரு கணம் ஆத்திரமாக வந்தது. அடுத்த கணம் அந்த ஆத்திரமே அவரைச் சுட்டது. இவள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

“யாரு கேக்கச் சொன்னா? அப்பாவா?”

“அப்பா ஒண்ணும் சொல்லல. இன்னும் பேப்பரக் காட்டவே இல்ல. நான்தான்...” என்று நிறுத்தினாள். “மனப்பாடம் பண்ணிடுவேன் டீச்சர். ரெண்டு நாள் போதும்.”

“நீ எழுதினது தப்புன்னு நெனைக்கிறியா?”

“தப்பாத்தான் இருக்கும். ஒரு மார்க்தான குடுத்திருக்காங்க. அந்தத் தாள எழுதினவங்க பெரிய புலவராம். ட்யூஷன் சார் சொன்னாராம், அதுல ஒரு எழுத்துக்கூடத் தப்பா இருக்காதாம்.”

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தப் பிள்ளை, தன் அப்பாவை வைத்து எழுதிய நாலு வரியைத் தப்பு என்று நம்பிவிட்டாள். அவசரக்காரி ஒருத்தி மறந்துபோன ஒரு புள்ளிக்கோட்டை வேதம் என்று நம்பப் போகிறாள். தாளைக் கொடுக்காமல் அனுப்பினால் இவள் வீட்டில் உட்கார வேண்டும். கொடுத்து அனுப்பினால், இனி இவள் யாருடைய நடையையும் பார்க்க மாட்டாள்.

அலமாரியின் அடித்தட்டில், பழைய கேள்வித்தாள்களுக்கு நடுவே, அந்தத் தாள் இருந்தது. நகல் இல்லை, கையால் எழுதிய மூலம். ஓரம் பழுத்துப் போயிருந்தது. எடுத்து மேசைமேல் விரித்தார். அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கரும்பலகையில் தினமும் பார்க்கிற கையெழுத்து.

“தலைப்பு அஞ்சையும் எடுத்துக்கோ. திருத்தறவங்களுக்கு அது வேணும்” என்றார் டீச்சர். “கீழ இருக்கறதப் படி. நல்லாப் படி. அதுல எது உண்மை, எது புளுகுன்னு நீயே பாரு.”

பிறகு நீலப் பேனாவை எடுத்து, தாளின் தலையில் ‘பெயர்’ என்று காலியாக இருந்த இடத்தில் தன் பெயரை முழுவதுமாக எழுதினார். தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தன் சிவப்புப் பேனாவை மூடி கழற்றி அவள் கையில் கொடுத்து, “திருத்து” என்றார்.