ஹட்டனில் கடல் கேட்டு வந்தவர்கள்

பிரயாண ஏஜன்சி வேலை என்பது, போகாத ஊரைப் பற்றிப் போய்வந்தவள் மாதிரி பேசுகிற வேலை. அடுத்தவர் விடுமுறைக்காக நாள் முழுக்க வாய் வலிக்கப் பேசிவிட்டு, சாயந்திரம் நனைந்த குடையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு போய்ச் சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

ஐம்பதுகளின் கடைசியில், ஹட்டன் பஜாரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. முதலாளி ஞானப்பிரகாசம், நான், ஒரு டெலிபோன், சுவரில் பெரிய இலங்கைப் படம். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு ரயிலில் இடம் பிடிப்பதும் ரெஸ்ட் ஹவுஸில் அறை சொல்லிவைப்பதும் எங்கள் வேலை. நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலீஷ் படித்தவள். பெயர் லூர்து மேரி.

கடலை நான் பார்த்ததே இல்லை. விடியற்காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் பனிமூட்டம் தேங்கி, மலை உச்சிகள் மட்டும் தீவு தீவாக வெளியே நிற்குமே, அதை மனசில் வைத்துக்கொண்டுதான் எல்லாருக்கும் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் வாழ்நாளில் ஒரே தடவை மாதா திருநாளுக்கு நீர்கொழும்பு போய், ஆசையாகக் கடலில் வள்ளத்தில் ஏறி, ஏறிய வேகத்தில் வாந்தி எடுத்தவர்.

"நீ பாக்காம இருக்கிறதுதான் நல்லது லூர்து. பாத்தவன் எவனாச்சும் சிரிச்ச முகத்தோட டிக்கட் எழுதுவானா?"

மழைக்கு மறுபக்கம்

முதுகில் காற்று அடைத்த இரும்புக் குப்பியைக் கட்டிக்கொண்டு, வாயில் ரப்பர் குழாயைக் கவ்விக்கொண்டு, கடலுக்கு அடியில் மீனோடு மீனாகத் திரிகிற பொழுதுபோக்கு அப்போதுதான் நம் தீவுக்கு வந்திருந்தது. கல்லுமலைத் தோட்டத்துத் துரை அந்தச் சாமான்களை சீமையிலிருந்து இரண்டு செட் வரவழைத்துவிட்டார். கொட்டுகிற ஜூன் மழையில் மாடிப்படி ஏறி வந்து, எந்தக் கடலுக்குப் போகலாம் என்று கேட்டார். அவர் மனசில் மொம்பாசா, சீஷெல்ஸ் என்று வெளிநாட்டுக் கடல்களாக இருந்தன. அவருக்கு இருந்த லீவில் கப்பல் ஏறினால் போய்ச் சேர்வதற்குள் திரும்ப வேண்டியதுதான். கடைசியில், நம் தீவிலேயே தென்மேற்குக் கரையில் இருக்கிற ஹிக்கடுவை போதும் என்று இறங்கி வந்தார்.

அங்கேயும் போக முடியாது என்று நான் சொன்னேன். நம் மலையில் கொட்டுகிற இதே மழைக்காற்றுதான் முதலில் தெற்குக் கரையையும் மேற்குக் கரையையும் அடித்துக் கலக்கிவிட்டு மேலே ஏறி வருகிறது. அந்தப் பக்கத்துக் கடல் இப்போது பால் ஊற்றின தேத்தண்ணி மாதிரி இருக்கும். மலைக்கு மறுபக்கம், கிழக்குக் கரையில், வெயில் அடிக்கும், தண்ணீர் அசையாமல் கிடக்கும் என்று சுவர்ப்படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். துரை படத்தையும் பார்த்தார், ஜன்னலில் வழிகிற தண்ணீரையும் பார்த்தார், கைக்குட்டையை எடுத்துப் பலமாகத் தும்மினார். அவர் இங்கிலீஷில் சொன்னது தமிழில் இது:

"அப்படியானால் மிஸ் லூர்து, இங்கே எனக்கு எவ்வளவு சளி பிடிக்கிறதோ, அங்கே அவ்வளவு தெளிவாக மீன் தெரியும்."

ஃபேக்டரித் தொட்டியில் ஒத்திகை

ரயில் நேரங்களைச் சொல்ல அந்தச் சனிக்கிழமை கல்லுமலைக்குப் போனேன். துரை பங்களாவில் இல்லை. தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியில் இருந்தார். கண்ணாடி முகமூடி, முதுகில் குப்பி, காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டீமேக்கர் வேலாயுதம் தொட்டி ஓரத்தில் நின்றார். இலை நிறுக்க வந்த பொம்பளைகள் கூடையை இறக்காமலே வேடிக்கை பார்த்தார்கள். "தொரைக்கு மூச்சு கூட கொழும்புல இருந்துதான் ரயில்ல வருதாம்டி" என்று ஒருத்தி சொல்ல, துரை தண்ணீருக்குள் இருந்ததால் எல்லாருக்கும் தைரியமாகச் சிரிக்க முடிந்தது.

வேலாயுதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீமேக்கர் என்றால் ஃபேக்டரியில் தேயிலைத்தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர்; இலையை அரைக்கிற ரோலர் மெஷின்களுக்கு நடுவில் வாலிபத்திலிருந்து வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகி, எங்கே நின்றாலும் கத்தித்தான் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி நின்றாலும் அவர் காதுக்குள் மெஷின் நிற்பதில்லை. தூக்கம் போய், கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கொஞ்ச நாள் சத்தம் இல்லாத இடத்தில் இருக்கச் சொன்னாராம் நுவரெலியா டாக்டர். தோட்டத்தில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? தண்ணீருக்கு அடியில் சத்தமே கேட்காது என்று துரை ஆசை காட்டி, தன் முகமூடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். சின்ன வயசில் ஆற்றில் குதித்து நீந்தியவர்தான், பயமில்லாமல் மூழ்கினார். உடனே மேலே வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"தண்ணிக்குள்ளயும் ஃபேக்டரி மெஷின்தாங்க தொரை ஓடுது! மேல இருக்கிறத விட நல்லாக் கேக்குது!"

துரைசாணி தனியாக வந்தார்

கிழக்குக் கரை என்று முடிவானதும் துரைக்குத் திருகோணமலைதான் வேண்டும் என்றாகிவிட்டது. அங்கே கடல் கரையிலிருந்தே கிடுகிடுவென்று இறங்கும், ஆழத்துக்குக் கேட்கவே வேண்டாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நானும் அறைக்குச் சொல்லிவைக்கப் போனை எடுத்தேன். அப்போது துரையின் மனைவி, துரைசாணி, தனியாக வந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். பிறகுதான் சொன்னார்: போன வருஷம் துரைக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்து எழுந்ததே பெரிய காரியமாகிவிட்டது. போகாதே என்று சொன்னால் கேட்கிற மனுஷர் இல்லை.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. துரைக்கு வேண்டியது ஆழம், துரைசாணிக்கு வேண்டியது ஆழம் இல்லாத கடல். அதே கிழக்குக் கரையில் பாசிக்குடா என்று ஓர் இடம் இருக்கிறது, எவ்வளவு தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது, தள்ளிப் போனால் பவளப்பாறை உண்டு, அதுவும் பெரிய ஆழத்தில் இல்லை என்று சொன்னேன். இதைத் துரையிடமே நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றி அனுப்ப எனக்கு மனசு வராது என்றும் சொன்னேன். துரைசாணி எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் எந்தத் தண்ணீரில் இறங்கினாலும் அடிவரை போய்ப் பார்க்காமல் விடமாட்டார். அடி கிட்டவே இருக்கிற கடலாகப் பார்த்துக் கொடு, பெண்ணே."

மெஷின் இல்லாத கடல்

துரையிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது வேலாயுதம் தன் மனைவி பார்வதியோடு மாடி ஏறி வந்தார். கயிறு பிடிக்க அவரையும் கூட்டிப்போவதாகத் துரை சொல்லியிருக்கிறார். அதைக் கீழே துணிக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அடுத்து, திருகோணமலையில் மெஷின் இருக்கிறதா என்று கேட்டார். அது பெரிய துறைமுகம், கப்பல் நிற்கும், இன்ஜின் ஓடும் என்றேன். அவருடைய தோள் இரண்டும் இறங்கிவிட்டது. பாசிக்குடா என்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே பாய்மரத் தோணிதான், துடுப்புதான் என்றேன். "அப்ப அங்க போடுங்க!" என்று ஒரு சத்தம். முதலாளி கையிலிருந்த தேத்தண்ணி மேசையில் கொட்டியது. துரையிடம் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் துரை போனில் பாசிக்குடாவே போதும் என்றார். அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதையும் துரைசாணியின் கவலையையும் நான் மறைக்காமல் சொன்னேன். போனில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு, அவளும் நன்றாகத் தூங்கட்டும் என்றார்.

பார்வதிக்குத்தான் மனசில்லை. அவர் அண்ணன் குடும்பம் இங்கே பிரஜாவுரிமை கிடைக்காமல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்கே போய்விட்டது. தோட்டத்து நம் சனத்துக்கு அந்த நாளில் கடல் என்றால் அந்தக் கப்பல்தான். குப்பியையும் குழாயையும் நான் விளக்க விளக்க அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதாங்க மிஸ். ஆனா கடலுக்குப் போனவங்க திரும்பி வந்ததா எங்க குடும்பத்துல இன்னும் ஒரு ஆளு இல்லீங்க."

கலையாத மூட்டம்

துரைசாணிக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்தார்கள். கணவரைத் தனியாகக் கடலுக்கு அனுப்ப மனசில்லாமல் பார்வதியும் கிளம்பினார். போய்ப் பார்த்துவிட்டு வந்து இனிமேல் நிஜத்தைச் சொல் என்று முதலாளி லீவு கொடுத்தார். மலை ரயில் இறங்கி, பொல்கஹவெலயில் மாறி, காடு காடாகப் போய், விடிகிற நேரத்தில் கல்குடா ஸ்டேஷனில் இறங்கினோம். மணல் காலை உள்ளே இழுத்தது. தென்னைகளுக்கு நடுவில் வெளிர்நீலமாக ஏதோ தெரிந்தது. என் மனசு அதை மூட்டம் என்றே எடுத்துக்கொண்டது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும், கீழே பச்சைப் பசேலென்று தேயிலையும் தோட்டத்துச் சனம் குடியிருக்கிற லயத்துக் கூரையும் தெரியும் என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏறியது. அது கலையவில்லை. இன்னும் நீலமானது. தூரத்தில் ஒரு பாய்மரம் தூங்கிக்கொண்டு போவது போல நகர்ந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை; குழந்தை தூக்கத்தில் புரள்கிற மாதிரி கரையோரம் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எப்போது தண்ணீருக்குள் இறங்கினேன் என்று தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்களுக்குத் தோணி விடப் பேசிவைத்திருந்த சீனித்தம்பி பக்கத்தில் வந்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மட்டக்களப்புப் பேச்சில் சொன்னார்:

"முதல்தரமா பாக்கிறாய் புள்ள? ஆறுதலா, அவசரமில்லாமப் பாரு, இது எங்கயும் எழும்பிப் போகாது."

கயிற்றின் மறுமுனை

இடுப்பளவு தண்ணீரில் துரை சில காலைகள் வேலாயுதத்துக்குப் பாடம் நடத்தினார். மூச்சை அடக்காதே, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊது, அவசரப்படாதே. பிறகு ஒருநாள் சீனித்தம்பி எல்லாரையும் தோணியில் ஏற்றிப் பாறைப் பக்கம் கொண்டுபோனார். வேலாயுதத்தின் கயிறு பார்வதி கையில். கணவர் எங்கேயோ போய்விடப் போகிறார் என்பது போல அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மேலே இருந்து ஒரு தடவை இழுத்தால் கீழே இருந்து ஒரு தடவை இழுக்க வேண்டும் என்று பேச்சு. துரையும் வேலாயுதமும் இறங்கினார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அவர்கள் நிழல் மணலில் விழுவது தெரிந்தது. மஞ்சளும் ஊதாவுமாக மீன்கள் அவர்களை விலகிப் போயின. பிறகு பாறைக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

கொஞ்சம் பொறுத்துத் துரை மட்டும் மேலே வந்து, முகமூடியைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். வேலாயுதம் இன்னும் வரவில்லையா என்று கேட்டார். பார்வதி கயிற்றை இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். துரைசாணி அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். நான் கும்பிடாத தெய்வம் இல்லை. சீனித்தம்பிதான் துடுப்பை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினார். வரிசையாக, நிதானமாக, குமிழிகள் வந்துகொண்டிருந்தன. துரை திரும்பவும் மூழ்கி, சட்டையைப் பிடித்து வேலாயுதத்தை மேலே கூட்டி வந்தார். கீழே மணலில் கையைத் தலைக்கு வைத்து, தூங்குகிற மாதிரி மல்லாந்து கிடந்தாராம். கயிறு அசைந்ததே தெரியவில்லையாம்.

தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் துப்பிவிட்டு, வேலாயுதம் பார்வதியைப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "என் மூச்சு எனக்குக் கேட்டுச்சு பார்வதி. அது மட்டுந்தான் கேட்டுச்சு" என்றார். பார்வதி கயிற்றை விட்டுவிட்டு அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, இம்புட்டு மெதுவா பேசுறீங்க... ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

மேல்மாடியில் ஒரு வரிசை

ஊர் திரும்பியதும் துரை வேலாயுதத்தை ஃபேக்டரியிலிருந்து எடுத்து, தேயிலை நாற்று மேடைக்குப் பொறுப்பாகப் போட்டார். காதில் ஓடிய மெஷின் முழுசாக நிற்கவில்லையாம். அடுத்த தோட்டத்து ஃபேக்டரி மாதிரி தூரமாகிவிட்டதாம். இப்போது தூங்குகிறார், பார்வதி கேட்டதற்கு வீட்டுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி பதில் சொல்கிறார். இது லயத்துக்கு லயம் பரவி, பஸ் ஏறித் தலவாக்கலைவரை போய்விட்டது.

சம்பள நாளுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு ஆபீஸைத் திறக்க வந்தால் மாடிப்படியில் பொம்பளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் பாசிக்குடாவைப் பற்றி, இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தவளாக, வாய் ஓயாமல் சொன்னேன். மணலைச் சொன்னேன், நீலத்தைச் சொன்னேன், மீனைச் சொன்னேன். முன்னால் நின்ற அம்மா கொழுந்துக் கறை படிந்த கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அந்த மீனு கதையெல்லாம் எனக்கு வேணாம் புள்ள, எங்க வீட்டுக்காரர டீமேக்கரு போன எடத்துல இறக்கிவிட்டு, மெதுவா பேசுற ஆளா ஆக்கித் திருப்பி அனுப்பு."

கடலுக்கு ஆளை அனுப்புவது சுலபம்தான். அங்கே கிடைத்த அமைதியை வீடுவரை கொண்டுவந்து சேர்க்க எந்த ரயிலில் இடம் பிடிப்பது என்றுதான், இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.