போலியாக இருந்தால் போதும்

ஃப்ரீட்லிண்டே ஆப்பெல்ஹான்ஸ் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். லிஃப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம், வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அதைப் பிரிக்கவும் பயம். ஜெர்மனியில் எங்கள் ஊர் மார்புர்கில் ஒரு பல் டாக்டரிடம் காலமெல்லாம் உதவியாளராக வேலை பார்த்தவள். ஆனாலும் டாக்டர் ஊசியை எடுத்தால் நோயாளிக்கு முன்னால் இவள்தான் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். தொண்ணூற்றேழாம் வருஷம் வசந்தத்தில் அவள் பட்ட பயத்தைப் பார்த்து மட்டும் எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா கொட்ஹார்ட் இறந்த பிறகு வீட்டை ஒழிக்கப் போனாள். சவரச் சாமான் பெட்டிக்கு அடியில், பழைய கம்பளித் துணியில் சுற்றி, ஒரு பதக்கம் இருந்தது. ஓக் இலை வளையம். நடுவில் ஒரு வாள், அதன் அடியில் பல தலைப் பாம்பு, கீழே மண்டையோடு. நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தில் தேடிப் பார்த்தாள். ஹிட்லரின் எஸ்.எஸ். படையிலும் போலீஸ் படையிலும் இருந்துகொண்டு, கிழக்கே ரஷ்யப் பக்கக் காடுகளில் பதுங்கி எதிர்த்துப் போராடியவர்களை வேட்டையாடப் போனவர்களுக்குக் கொடுத்த பதக்கம் அது. அந்த வேட்டையில் காட்டில் இருந்தவர்களைவிடக் குடிசையில் இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள். பிள்ளைகுட்டிகளோடு ஊர் ஊராகக் கொளுத்தினார்கள், பாவிகள்.

அவள் அப்பாவோ போரைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார். "நான் சமையல் வண்டி ஓட்டினேன்பா. உருளைக்கிழங்கோடதான் எனக்குச் சண்ட. இப்பவும் அதுதான் ஜெயிக்குது, வயித்தப் பாரு!" ஊரே அவரோடு சேர்ந்து சிரித்தது.

புருஷன் ஹார்ட்விக்தான் ஒரு நம்பிக்கையைக் கொடுத்தான். "அடியே, சந்தையில கெடக்கறதுல முக்காவாசி போலி. உங்கப்பா எங்கயாவது பொறுக்கியிருப்பாரு. எதுக்கு இப்படி உசிர விடற?"

அதைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்துப் படத்தில் வாளின் பிடியில் நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தது. அப்பாவுடையதில் அந்த இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது. அப்படியானால் போலிதானே? போலியாக இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு அரங்கில் சேகரிப்பாளர் சந்தை கூடியது. பதக்க மேசைகளுக்கு நடுவே அவள் கைப்பையை மார்போடு அணைத்தபடி நடந்தாள். நாஜிச் சின்னத்தை வெளியே காட்டக் கூடாது என்ற சட்டத்துக்குப் பயந்து ஒவ்வொரு ஸ்வஸ்திகாவின் மேலும் வட்டமாக ஒரு விலைச் சீட்டை ஒட்டியிருந்தார்கள். மஞ்சளும் பச்சையுமாக, ஏதோ பிறந்தநாள் விழா மாதிரி.

அசலா போலியா என்று சொல்ல அங்கே வெண்டலின் என்ற தடியன் இருந்தான். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் சாசேஜ் வைத்த ரொட்டி. அவளுக்கு முன்னால் நின்றவர் தாத்தாவின் பதக்கம் என்று ஒன்றை நீட்டினார்.

"உங்க தாத்தாவுக்கு வயசு என்ன, அஞ்சா?" என்றான் வெண்டலின். "ஓரத்தப் பாருங்க, தேஞ்ச சோப்பு மாதிரி. வார்ப்புல குமிழி குமிழியா இருக்கு. பின்னூசி போன வருஷம் ஹார்டுவேர் கடையில வாங்கினது. போலி சார், சுத்தப் போலி!"

அந்த மனிதர் அழாத குறையாக நகர்ந்தார். கொடுத்து வைத்தவன் என்று ஃப்ரீட்லிண்டே நினைத்துக்கொண்டாள்.

கம்பளித் துணியைப் பிரித்து நீட்டினாள். வெண்டலின் பதக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

"இது போர்க்காலத்துச் சாமான் இல்லம்மா."

"போலியா?"

"போர்க்காலத்துது இல்ல. பின்னால செஞ்சது."

போன உயிர் திரும்பி வந்தது. அவள் அவன் கையை ரெண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். "நல்லா இருப்பீங்க! நீங்க நல்லா இருக்கணும்! எத்தன நாளா நான்... எங்கப்பா சமையல் வண்டிதான் ஓட்டினாரு, தெரியுமா!"

"இருங்கம்மா, இருங்க. போலின்னு நான் சொல்லலையே." வெண்டலின் தர்மசங்கடமாகக் கையை விடுவித்துக்கொண்டான். "இதுவும் அசல்தான். ஐம்பத்தேழுல ஒரு சட்டம் வந்துச்சு. ஸ்வஸ்திகா இல்லாமப் பழைய பதக்கங்கள மாட்டிக்கலாம்னு. பழசத் தொலைச்சவங்க, போர் முடிஞ்சப்ப அமெரிக்கச் சிப்பாய்ங்ககிட்ட பறிகொடுத்தவங்க எல்லாம் புதுசா செஞ்சத வாங்கிக்கிட்டாங்க. அதுல ஒண்ணு இது."

"யார் வேணும்னாலும் வாங்கியிருக்கலாம் இல்ல? சும்மா... ஆசைக்கு?"

"ஆசைக்கு வாங்கற பதக்கமாம்மா இது?" அவன் குரல் தணிந்தது. "போர்ல தனக்குக் குடுக்காத பதக்கத்தக் குத்திக்கிட்டு பழைய சிப்பாய்ங்க கூட்டத்துக்குப் போனா, கூட இருந்தவங்க சும்மா விட்ருவாங்களா? பின்பக்கம் பாருங்க, கோட்டுத் துணி உரசி உரசி எப்படி மின்னுதுன்னு. ஊசியும் வளஞ்சிருக்கு. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, நெறையத் தடவ குத்தியிருக்காரு."

ஐம்பத்தேழில் அவளுக்கு ஒன்பது வயது. அப்பா மடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த காலம். போரில் சின்னப் பையன், கட்டளை, வேறு வழியில்லை என்று எதையாவது சொல்லி மனசை ஆற்றியிருக்கலாம். இதை யார் கட்டளையிட்டார்கள்? எல்லாம் முடிந்து, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த பிறகு, அவர் கடைக்கு நடந்து போய், பாம்பும் மண்டையோடும் போட்டது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்குக் கதை சொல்லி அவளைச் சிரிக்கவைத்திருக்கிறார். கோட்டில் குத்திக்கொண்டு யாரோடு போய் உட்கார்ந்தார்? எத்தனை பேர் அவர்கள்? இதே ஊர்க்காரர்களா, தினமும் அவள் வணக்கம் சொல்கிற கிழவர்களா? சுற்றிலும் மேசைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நரைத்த தலைகளைப் பார்த்தாள்.

"ஒரு உபகாரம் பண்ணுவீங்களா?" என்றாள். "போலின்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு."

"எழுதலாம். யாரம்மா அத நம்பணும் உங்களுக்கு?"

"நான்தான்," என்றாள் ஃப்ரீட்லிண்டே.